நிலம் கிழிந்தது, ஏரி நிறைந்தது, எண்ணெய் வந்தது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கிழக்குக் கரையில், திரங்கானு கடலில் எண்ணெய்க்காகத் துளையிடும் மேடைகளில் பன்னிரண்டு வருடம் மட் லாகராக இருந்தேன். துளைக்கருவி கீழே போகப் போக, சேற்றோடு கலந்து மேலே வரும் கல் துணுக்குகளைக் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்து, இப்போது எந்தப் பாறையில் இருக்கிறோம் என்று எழுதிவைக்கிற வேலை. அதை விட்டுவிட்டு கோலாலம்பூருக்குத் திரும்பி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கல்யாண வீடு, தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு, செந்தூல் சாப்பாட்டுக் கடை என்று எங்கே உட்கார்ந்தாலும் "அண்ணே, கடலுக்கு அடியில எண்ணெய் எப்படிங்க வந்துச்சு?" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். தே தாரிக் ஆறும்வரை பேசினாலும் பாதிதான் சொல்ல முடிகிறது. மீதியை இங்கே எழுதிவிட்டேன்.

மாமா, எண்ணெய் எல்லாம் டைனோசர் செத்து வந்ததுதானே?

இல்லைம்மா. டைனோசர்கள் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டன. நம் திரங்கானு எண்ணெய்க்குக் காரணமான சேறு படிந்தது ஏறக்குறைய 30 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னால்தான். அது பெரும்பாலும் பாசியும் செடிகொடிக் குப்பையும். கண்ணுக்கே தெரியாத பாசி. பெட்ரோல் நிலையத்தில் பொம்மை டைனோசரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள், பாவம்.

நிலம் கிழிகிறது என்கிறீர்களே, பாறை எப்படிக் கிழியும்?

பரோட்டா மாவைப் பிசைந்து மூடாமல் வைத்துவிட்டால் மேலே காய்ந்து தோல் கட்டிவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும். அதை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். மேல்தோல் வெடித்து வெடித்துப் பிளக்கும், அடிமாவு மட்டும் இழுபட்டு மெலியும். பூமியின் மேலோடும் இப்படித்தான். கண்டப் பகுதிகளில் அது சாதாரணமாக 30, 35 கிலோமீட்டர் தடிமன். மேல்பகுதி குளிர்ந்து விறைப்பாக இருப்பதால் உடைகிறது, கீழ்ப்பகுதி சூட்டில் இளகி நீள்கிறது. இழுக்கும் விசை தொடர்ந்தால், உடைந்த துண்டுகள் பிளவின் ஓரமாகச் சரிந்து இறங்கும்.

இறங்கிய பள்ளம் பெரும்பாலும் முறம் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் செங்குத்தான சுவர், ஆழம் முழுக்க அந்தப் பக்கம்தான். மறுபக்கம் மெல்ல மெல்லச் சாய்ந்து மேலேறும். இப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு முறம் முறமாக வரிசையாகக் கிடந்தால் அதுதான் பிளவுப் பள்ளத்தாக்கு. இப்போதும் நேரில் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகலாம்.

அப்புறம் கடல் உள்ளே வந்துவிடுமா?

எல்லாரும் நினைப்பது அதுதான். உண்மையில் கடல் வருவதற்கு முன் ஏரி வருகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பள்ளம் விழுந்தவுடன் சுற்றியுள்ள ஆறுகள் அதில் பாயும். வெளியேற வழி இருக்காது. மண்ணும் மணலும் வந்து நிரப்புவதைவிடத் தரை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தால் ஏரி ஆழமாகிக்கொண்டே போகும். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவில் உள்ள தாங்கன்யிகா ஏரி 1,470 மீட்டர் ஆழம். நம் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றை நிறுத்தினாலும் உச்சி நீருக்கு வெளியே தெரியாது.

இப்போது வெப்பமண்டலத்தில் இப்படியொரு ஆழமான ஏரி என்ன செய்யும் என்று பாருங்கள். மேல் நீர் வருடம் முழுக்கச் சூடாகவே இருக்கும், அடி நீர் கொஞ்சம் குளிர்ச்சியாகக் கனத்துக் கிடக்கும். குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் மேலதும் கீழதும் கலக்கவே கலக்காது. தாங்கன்யிகாவில் 100, 200 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் ஆக்சிஜன் கிடையாது. மேலே வெயிலில் பாசி பெருகிப் பெருகிச் செத்து விழும். கீழே அதைத் தின்னப் புழுவோ மீனோ இல்லை, அழுக வைக்கக் காற்றும் இல்லை. ஜாடியில் மூடி வைத்த ஊறுகாய் மாதிரி அப்படியே படிந்துவிடும். வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் மில்லியன் கணக்கான ஆண்டுகள் விழுந்துகொண்டே இருந்தால்?

அந்தக் கறுப்புச் சேறு இறுகி ஏடு ஏடான களிக்கல்லாகிறது. இதைத்தான் மூலப்பாறை என்கிறோம். எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உயிரிக் கரிமம் இருந்தாலே அந்தப் பாறையைத் திரும்பிப் பார்ப்போம். நல்ல ஏரிக் களிக்கல்லில் இது பல மடங்கு இருக்கும். அதிலும் போட்ரியோகாக்கஸ் என்று ஒரு பச்சைப் பாசி உண்டு, உயிரோடு இருக்கும்போதே எண்ணெயைச் சேர்த்து வைத்துக்கொள்கிற பாசி. சுமத்ராவின் மினாஸ் வயலில் எடுக்கும் எண்ணெயில் அந்தப் பாசிக்கே உரிய மூலக்கூறு, கைரேகை மாதிரி, கிடைத்திருக்கிறது. நன்னீர்ப் பாசியின் கைரேகை எண்ணெயில் இருந்தால், அது கடலில் பிறந்த எண்ணெய் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் உலகத்தில் எல்லா எண்ணெயும் ஏரியில் வந்ததா?

இல்லை இல்லை. வட கடலை எடுத்துக்கொண்டால், அதுவும் பிளவுதான், ஆனால் அங்கே ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் கடல் உள்ளே புகுந்து, பிளவுப் பள்ளங்களின் அடியில் தேங்கிய கடல் நீரில் கறுப்புச் சேறு படிந்தது. வளைகுடா நாடுகளின் கதை வேறு. ஆனால் நம் வட்டாரத்தில், மலாய் படுகை, நடு சுமத்ரா என்று பேசினால், ஏரிக்குத்தான் முதல் மரியாதை.

மலாய் படுகை என்பது எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

தீபகற்பத்தின் கிழக்குக் கடலுக்கு அடியில். நீளம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர், அகலம் 200. மேலே கடல் என்று பார்த்தால் ஆழம் பெரிதாக ஒன்றுமில்லை, 70 மீட்டர் சொச்சம்தான். மேடையின் விளிம்பில் நின்று பார்க்கும்போது கடல் முடிவில்லாமல் இருப்பதுபோல் தெரியும், ஆனால் உண்மையான ஆழம் கடல்தரைக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது. நடுப்பகுதியில் வண்டலின் தடிமன் 12 கிலோமீட்டருக்கு மேல். இரட்டைக் கோபுரத்தை 26 தடவை அடுக்கினாலும் அடிப்பாறையைத் தொடாது.

இந்தப் பாறைகளுக்கு எழுத்துதான் பெயர். மேலிருந்து கீழே ஏ, பி, சி என்று போய் எம்-இல் முடியும். அடியில் உள்ள எம், எல், கே எல்லாம் பிளவுக் காலத்து ஏரிப் படிவுகள். அதற்கு மேலே வரும் ஐ, எச் பிரிவுகளில் ஆற்று முகத்துவாரமும் சதுப்புக் காடும் நிலக்கரியும். நாங்கள் வேலை செய்த கிணறுகள் பெரும்பாலும் ஐ, ஜே வரைதான் போகும். 'கே' களிக்கல்லை நான் கையில் பார்த்தது இரண்டே தடவை. ஷேக்கரில், அதாவது சேற்றிலிருந்து துணுக்குகளைப் பிரிக்கும் அதிரும் சல்லடையில், வந்து விழும்போது சாம்பல் நிறத் துணுக்குகளுக்கு நடுவில் திடீரென்று காப்பிக் கொட்டை நிறத்தில், விரலால் தேய்த்தால் வழவழவென்று இருக்கும். பக்கத்தில் இருந்த கெலந்தான்காரர் ஒன்றும் பேசாமல் அதில் கொஞ்சத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எழுதி வைத்தார்.

பிளவு ஏன் வந்தது? யார் இழுத்தது?

இதில் நிலவியலாளர்களுக்குள்ளேயே சண்டை. இந்தியா வடக்கே வந்து ஆசியாவில் முட்டியதால் தென்கிழக்கு ஆசியா ஓரமாகத் தள்ளப்பட்டு, பெரிய முறிவுகள் வழியாகச் சறுக்கி, அந்தச் சறுக்கலில் பள்ளங்கள் திறந்தன என்பது ஒரு கட்சி. நம் தாத்தாக்கள் கப்பலேறுவதற்கு ரொம்ப முன்னாலேயே இந்தியாவின் வேலை இங்கே நடந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். சுமத்ரா, ஜாவாவுக்கு அடியில் புகும் தட்டு, அதாவது பூமியின் மேற்பரப்பில் நகரும் பெரிய பாறைத் துண்டு, பின்வாங்கியதால் மேலே இருந்த நிலம் இழுபட்டது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று தோன்றுகிறது.

தென்சீனக் கடல் மாதிரி இதுவும் ஏன் முழுக்கத் திறக்கவில்லை?

இழுவை போதவில்லை. தென்சீனக் கடலின் நடுவில் கண்டம் முழுவதும் பிய்ந்து, சுமார் 33 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்வரை புதிய கடல்தரையே உண்டானது. மலாய் படுகையில் மேலோடு மெலிந்ததோடு நின்றுவிட்டது. தோற்றுப்போன பிளவு என்பார்கள். பெயர்தான் அப்படி, எண்ணெய்க்காரனுக்கு அது தோல்வியே இல்லை. மெலிந்து நின்ற நிலத்தின் மேல்தான் இத்தனை வண்டல் நிம்மதியாகக் குவிந்தது.

பிளவு நின்றபிறகும் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனதாமே, அது எப்படி?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் ஒரு ஏர்கான் மெக்கானிக்! சூடு என்றால் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும்.

மேலோடு மெலிந்தால் அடியிலுள்ள சூடான பாறை மேலே ஏறி நெருங்கிவிடும். சூட்டில் அது உப்பி, லேசாக இருக்கும். இழுவை நின்றதும் மெல்ல ஆறத் தொடங்கும். ஆறினால் சுருங்கும், கனக்கும், இறங்கும். பூரி ஆறினால் அமுங்குகிற மாதிரி. கேம்பிரிட்ஜின் டான் மெக்கென்ஸி 1978-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். எத்தனை மடங்கு இழுத்தாய் என்று சொன்னால், முதலில் பிளவினால் எவ்வளவு இறங்கும், பிறகு ஆறுவதால் பல பத்து மில்லியன் ஆண்டுகளில் எவ்வளவு இறங்கும் என்று சொல்லிவிடலாம். முதல் இறக்கம் முறம் முறமாக இருக்கும், இரண்டாவது இறக்கம் பெரிய தாம்பாளம் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்து அகலமாக விழும். அதற்கு மேல் வந்து குவியும் மண்ணின் பாரமும் சேர்ந்து அழுத்தும். நில அதிர்வுப் படத்தை விரித்துப் பார்த்தால் கீழே முறங்கள், மேலே தாம்பாளம் என்று கண்ணுக்கே தெரியும்.

சேறு எப்போது எண்ணெய் ஆகிறது?

வெந்தால்தான். எங்கள் தொழிலில் மூலப்பாறை வேகிற ஆழத்தை அடுப்படி என்றே சொல்வோம். புதையப் புதைய சூடு ஏறி, 60, 70 டிகிரி தாண்டியதும் கெரோஜன் என்கிற கெட்டியான கரிமப் பொருள் உடைந்து எண்ணெய் கசியத் தொடங்கும். 150 டிகிரியைத் தாண்டிவிட்டால் எண்ணெயும் உடைந்து வாயு ஆகிவிடும்.

சாதாரணமான இடங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி ஏறும். மலாய் படுகையில் 45, 50 டிகிரிவரை ஏறும், சில இடங்களில் அதற்கும் மேலே. இந்த அடுப்பு எரிவது அந்த மெலிந்த மேலோட்டினால்தான். மற்ற இடத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் வேகும் பாறை இங்கே இரண்டு சொச்சத்திலேயே வெந்துவிடும். ஆனால் படுகையின் நடுவில், ஆழத்தில் கிடக்கும் பழைய ஏரிக் களிக்கல் எப்போதோ வெந்து, தீய்ந்தும் போய்விட்டது. அதனால்தான் நடுப்பகுதியிலும் வடக்கிலும் வாயு அதிகம், ஓரங்களில் எண்ணெய். வடக்கே போகப் போகக் கரியமில வாயுவும் தொல்லை கொடுக்கும்; சில வயல்களில் வருவதில் பாதிக்கு மேல் அதுதான்.

எண்ணெய் கறுப்பாகத் தார் மாதிரி இருக்குமா?

தார் மாதிரி இல்லை. திரங்கானு கடலின் தாப்பிஸ் வயல் எண்ணெய் லேசானது, கந்தகம் மிகக் குறைவு; அதனால்தான் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக்கே விலை சொல்லும் எண்ணெயாக இருந்தது. ஆனால் ஏரிப் பாசி எண்ணெய்களுக்கு ஒரு குணம் உண்டு, மெழுகு. தேங்காய் எண்ணெய்ப் புட்டி ஏர்கான் அறையில் உறைந்துபோகுமே, அப்படி. கிணற்றிலிருந்து சூடாக வரும்போது தண்ணீர் மாதிரி ஓடியது, ஆய்வறை மேசையில் வைத்துவிட்டுப் பசியாறிவிட்டு வந்து பார்த்தால் கவிழ்த்தாலும் விழாது. கடலடிக் குழாயில் இப்படி உறைந்தால் என்ன பாடு என்று குழாய்க்காரர்களைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் திட்டுவார்கள்.

வெந்த எண்ணெய் ஏன் கடலில் கசிந்து போய்விடவில்லை?

நிறையப் போயிருக்கும். மிச்சம் சிக்கியதைத்தான் எடுக்கிறோம். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மணற்கல்லின் துளைகள் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மேலே களிக்கல் மூடி இருந்து, பாறை கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைந்திருந்தால் அங்கே தேங்கும்.

அந்தக் கிண்ணத்தைத் தந்ததும் பழைய பிளவுதான். மியோசீன் காலத்தின் நடுவில் விசை மாறி, இழுபட்ட நிலம் நெருக்கப்பட்டது. இறங்கிய பிளவுகளிலேயே பாறை திரும்ப ஏறியது. முறத்தில் கிடந்த வண்டல் பிதுங்கி மேடானது. திரங்கானு கடலின் பெரிய வயல்கள் பல இப்படிப் பிதுங்கிய மேடுகளில்தான். நேரம் ஒத்துப்போனது பெரிய அதிர்ஷ்டம். எண்ணெய் ஏறி முடிந்தபிறகு கிண்ணம் உருவாகியிருந்தால் காலிக் கிண்ணம்தான். உலகத்தில் காலிக் கிண்ணத்தைத் துளைத்துப் பணத்தைத் தொலைத்த கதைகள் ஏராளம். அப்படி ஒரு கிணற்றில் நானும் இருந்திருக்கிறேன், கடைசி மூன்று நாள் சமையல்காரர்கூடச் சிரிக்கவில்லை.

பத்து மலைக்கு அடியில் எண்ணெய் இருக்குமா? பினாங்கில்?

இருக்காது. பத்து மலைச் சுண்ணாம்புக்கல் 400 மில்லியன் ஆண்டுகளுக்கும் பழையது. பிறகு பக்கத்தில் கருங்கல் குழம்பு ஏறி அதைப் பளிங்காகவே மாற்றிவிட்டது. அதில் எப்போதாவது ஏதாவது இருந்திருந்தாலும் கருகிய தோசைதான். பினாங்குக் கொடிமலை முழுக்கக் கருங்கல். பூமிக்குள் உருகி உறைந்த பாறை, அதில் பாசிக்கு ஏது இடம்?

ஆனால் பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் நீரிணையைத் தாண்டினால் கதை மாறும். சுமத்ரா பக்கத்தில் நம் படுகையின் வயதை ஒட்டிய பிளவுகள், அதே மாதிரி ஏரிகள், நல்ல அடுப்பு. அங்கே தூரி வயலை 1941-இலும் மினாஸ் வயலை 1944-இலும் கண்டுபிடித்தார்கள். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் மினாஸ்தான்.

மிரியில் 1910-லேயே எண்ணெய் எடுத்தார்களே, அதுவும் பிளவா?

அது வேறு. சரவாக் கரையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய டெல்டா வண்டல், காட்டு இலைதழைக் குப்பை. கனடா குன்றில் உள்ள அந்த முதல் கிணறு இப்போது காட்சிப் பொருள். போனால் பாருங்கள்.

நம் ஊரில், அதாவது தமிழ்நாட்டில்?

உண்டு! காவிரிப் படுகையும் பிளவுதான். இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரிந்தபோது, 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாக்கில், தென்கிழக்குக் கரையோரம் வரப்பும் பள்ளமுமாக விழுந்தது. வயலில் இருக்கும் வரப்பு மாதிரியே, பள்ளங்களுக்கு நடுவே அடிப்பாறை மேடுகள். நாகப்பட்டினத்துப் பக்கம் நரிமணத்தில் எடுக்கும் எண்ணெய் இந்தப் பள்ளங்களில் வெந்ததுதான். ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிய என் பாட்டி, காலுக்கடியில் ஒரு பிளவை விட்டுவிட்டு இன்னொரு பிளவின் ஓரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

பிரேசில் எண்ணெய் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே?

அதே கதையின் பெரிய பதிப்பு. தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரியத் தொடங்கிய காலத்துப் பிளவு ஏரிகள். பிறகு கடல் உள்ளே வந்து வற்றி வற்றி, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தடிமனுக்கு உப்பை விட்டுவிட்டுப் போனது. உப்பைவிட நல்ல மூடி கிடையாது. 2006-இல் அந்த உப்புக்கு அடியில் துப்பி வயலைக் கண்டுபிடித்தார்கள். எதிர்க்கரையில் அங்கோலாவிலும் அதே ஏரிக்காலக் களிக்கல் கிடக்கிறது; ஒரே பாயை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்ட மாதிரி.

கே.எல்.லிலிருந்து பக்கத்தில் இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா?

பத்து ஆராங்குக்குப் போங்கள். வடமேற்கே, காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெயருக்கே கரிக்கல் என்றுதான் அர்த்தம். 1915-இலிருந்து 1960 வரை அங்கே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. சீனர்களும் நம்மவர்களும் இறங்கி வெட்டினார்கள், முப்பதுகளில் பெரிய வேலைநிறுத்தமும் நடந்தது. பழைய செங்கல் புகைபோக்கி இன்னும் நிற்கிறது.

அந்த நிலக்கரிக்கு நடுவே ஏடு ஏடான களிக்கல் இருக்கிறது. சின்னப் பள்ளம், சின்ன ஏரி, ஆனால் மலாய் படுகையின் அடி ஏரிகளோடு ஏறக்குறைய ஒரே காலத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனோடு போய், சாலையோர வெட்டில் விழுந்துகிடந்த துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கத்தியை நெடுக வைத்துத் தட்டினால் பழைய புத்தகத்தின் ஒட்டிய பக்கங்கள் மாதிரிப் பிரிகிறது. ஒரு ஏட்டைப் பிடித்து லைட்டரால் சுட்டோம். முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் ஓரம் கறுத்து, புகைந்து, மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்ததும் வருமே அந்த நாற்றம் சமையலறை முழுக்க.

அதில் எண்ணெய் இருக்கிறதா என்று பையன் கேட்டான். இன்னும் இல்லை. பாசி இருக்கிறது, கரிமம் இருக்கிறது, ஆனால் அந்தப் பள்ளம் போதிய ஆழத்துக்கு இறங்கவே இல்லை, அதனால் வேகவில்லை. அவன் லைட்டரால் ஒரு நொடியில் செய்ததை, திரங்கானு கடலுக்கு அடியில் மெலிந்த மேலோட்டின் சூடு மில்லியன் ஆண்டுகள் எடுத்துச் செய்திருக்கிறது. பத்து ஆராங் கல் ஊறப்போட்ட அரிசி, உலை வைக்காமல் விட்டது.

போகிறவர்கள் பழைய கத்தி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மீன் வெட்டுகிற கத்தி வேண்டாம், எனக்கு அதற்காக இன்னும் பேச்சு விழுகிறது.